ஷாம்ராக்கும் ஐரிஷ் நாட்டார் கதைகளும்: ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்ச் மாதம் வந்தால் போஸ்டர், வாழ்த்து அட்டை, டி-ஷர்ட், கஃபே மெனு என்று எங்கு பார்த்தாலும் ஷாம்ராக் என்ற பச்சை மூவிலை முளைத்துவிடுகிறது. அதை வரைந்து தரச் சொல்லி நம் ஊர் ஓவியர்களுக்கும் வேலை வருகிறது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் கலை மரபு மிகப் பெரியது, அதை ஒரே இலைக்குள் அடைத்துவிடக் கூடாது. இலையைத்தான் வரைய வேண்டும் என்றால், நிஜமான இலையைப் பார்த்து வரைய வேண்டும்.

ஷாம்ராக் என்பது எந்தச் செடி?

தாவரவியலில் அப்படி ஒரு தனிச் செடி கிடையாது. அயர்லாந்தின் காவல் புனிதரான பேட்ரிக்கின் திருநாளான மார்ச் 17 அன்று ஐரிஷ் மக்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் இளம் மூவிலைக்கு அந்தப் பெயர். மக்கள் உண்மையில் எதைப் பறிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, நதானியல் கோல்கன் என்பவர் 1890களில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து 'அசல் ஷாம்ராக்' மாதிரிகளை வரவழைத்து, நட்டு, பூக்கும் வரை காத்திருந்து பார்த்தார். க்ளோவர் என்ற மூவிலைச் செடி வகையில் மஞ்சள் பூப் பூக்கும் சிறு க்ளோவரும் வெள்ளைப் பூ க்ளோவரும்தான் பெரும்பாலும் வந்தன. 1988-இல் சார்லஸ் நெல்சன் என்ற தாவரவியலாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அப்போது கிட்டத்தட்ட பாதி மாதிரிகள் மஞ்சள் க்ளோவர், மூன்றில் ஒரு பங்குக்கு வெள்ளை க்ளோவர், மிச்சம் வேறு சில மூவிலைச் செடிகள்.

வரைபவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். வெள்ளை க்ளோவரின் சிற்றிலை ஒவ்வொன்றிலும் வெளிறிய வில் போன்ற ஒரு பட்டை ஓடும். அதை மட்டும் சேர்த்தாலே படம் உயிர் பெறும். மஞ்சள் க்ளோவரில் அந்தப் பட்டை இல்லை, இலையும் சின்னது, நடுச் சிற்றிலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம். இரண்டுக்கும் சிற்றிலை முட்டை வடிவம்தான், விளிம்பில் மிக நுண்ணிய பற்கள் இருக்கும்.

அப்படியானால் கிளிப் ஆர்ட்டில் வரும் இதய வடிவ இலை?

அது க்ளோவரைவிட ஆக்ஸாலிஸ் குடும்பத்து இலைக்குத்தான் நெருக்கம். நெல்சனுக்கு வந்த மாதிரிகளில் அந்தக் குடும்பத்துச் செடியும் கொஞ்சம் இருந்தது, ஆகவே இதய வடிவம் முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். நம் தொட்டிகளில் தானாக முளைக்கும் புளியாரையும் அதே குடும்பம்தான். இலை எப்படி மடிகிறது, மூன்று இதயங்களும் காம்பில் எந்தக் கோணத்தில் சேர்கின்றன என்று நேரில் பார்த்து ஸ்கெட்ச் போட வேண்டுமானால் புளியாரை போதும். க்ளோவர் வேண்டும் என்றால் ஊட்டி, கொடைக்கானல் பக்கம் புல்வெளிகளில் வெள்ளை க்ளோவரைப் பார்க்கலாம்.

நாலு இலை க்ளோவரும் ஷாம்ராக்கும் ஒன்றா?

இல்லை. ஷாம்ராக் என்றால் மூன்று. நாலு இலை என்பது க்ளோவரில் அபூர்வமாக வரும் திரிபு, அதிர்ஷ்டத்தின் அடையாளம், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொது. புனித பேட்ரிக் திருநாள் போஸ்டரில் நாலு இலை போட்டால் ஐரிஷ்காரர் கண்ணில் முதலில் படுவது அதுதான். இன்னொரு எச்சரிக்கை: வயல் ஓரத்து ஆரைக்கீரைக்கு எப்போதுமே நாலு சிற்றிலைதான். அது நீர்ப்பெரணி வகை, க்ளோவருக்கு உறவே இல்லை. இணையத்தில் கிடைக்கும் சில 'நாலு இலை க்ளோவர்' புகைப்படங்களில் இருப்பது ஆரைக்கீரை.

புனித பேட்ரிக் மூவிலையைக் காட்டிக் கிறிஸ்தவத்தின் மூவொரு கடவுளை (தந்தை, மகன், தூய ஆவி) விளக்கினார் என்கிறார்களே, அது வரலாறா?

கதை. அழகான கதை. பேட்ரிக் வாழ்ந்தது ஐந்தாம் நூற்றாண்டு. அவர் கைப்பட எழுதியதாக ஏற்கப்படும் இரண்டு எழுத்துகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன, இரண்டிலும் இலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. 1670களைச் சேர்ந்ததாகக் கருதப்படும் செப்புக் காசு ஒன்றில், கூட்டத்தின் முன் பேட்ரிக் மூவிலையைப் பிடித்தபடி நிற்கிறார். 1681-இல் அயர்லாந்தைச் சுற்றிவந்த தாமஸ் டைன்லி என்ற ஆங்கிலேயர், மார்ச் 17 அன்று மக்கள் மூவிலை அணிவதைக் குறித்து வைத்திருக்கிறார். இலையையும் போதனையையும் சேர்த்துச் சொல்லும் எழுத்துக் குறிப்பு 1726-இல்தான் வருகிறது, கேலப் த்ரெல்கெல்ட் எழுதிய ஐரிஷ் தாவர நூலில்.

எழுத்துக் குறிப்புக்கு முன்பே காசில் படம் வந்துவிட்டது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்தக் கதையைப் பரப்பியதில் உலோக அச்சு செதுக்கிய கைகளுக்கும் பங்கு உண்டு.

அயர்லாந்தின் அரசுச் சின்னம் ஷாம்ராக்தானே?

அரசு முத்திரையில் இருப்பது ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் இடைக்காலத்து ஹார்ப் ஒன்றை முன்மாதிரியாக வைத்து வரைந்தது. கின்னஸ் மதுபான நிறுவனம் அதே ஹார்ப்பை 1876-லேயே வணிகச் சின்னமாகப் பதிந்துவிட்டது. அதனால்தான் பின்னால் வந்த அரசின் ஹார்ப் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கிறது.

1928-இல் புதிய நாட்டின் முதல் காசுகள் வந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்த குழுவுக்குத் தலைவர் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ். தேய்ந்துபோன சின்னங்கள் வேண்டாம் என்பதில் அந்தக் குழு தெளிவாக இருந்தது, ஷாம்ராக்கும் அந்த வகையில் சேர்ந்தது. பெர்சி மெட்காஃப் என்ற ஆங்கிலச் சிற்பி வடித்த எட்டுக் காசுகளிலும் ஒரு பக்கம் ஹார்ப், மறுபக்கம் விலங்குகளும் பறவைகளும்: குதிரை, சால்மன் மீன், காளை, ஓநாய் வேட்டை நாய், முயல், குஞ்சுகளோடு கோழி, குட்டிகளோடு பன்றி, உட்காக் என்ற காட்டுப் பறவை. ஒரு வேளாண் நாடு தன் தொழுவத்தையும் ஆற்றையும் காசில் வைத்துக்கொண்டது. லோகோ, ஐகான் வரைபவர்கள் அவசியம் பார்க்க வேண்டியவை இவை. சிறு வட்டத்துக்குள் ஒரு உயிரினத்தை எப்படி நிறுத்துவது, வெற்றிடத்தை எங்கே விடுவது என்பதற்கு நான் கண்ட மிகச் சிறந்த பாடம் அந்தக் காசுகள்.

எல்லாவற்றையும் பச்சையில்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். 1783-இல் தொடங்கிய புனித பேட்ரிக் வீரர் விருதுக்கு நிறம் வான நீலம். அயர்லாந்து ஜனாதிபதியின் கொடி இன்றும் நீலப் பரப்பில் பொன்னிற ஹார்ப்தான். பச்சை அரசியல் வழியாக வந்தது. 1640களிலேயே பச்சைக் கொடியில் ஹார்ப் தோன்றிவிட்டது, 1790களில் 'ஐக்கிய ஐரிஷ்காரர்கள்' என்ற விடுதலை இயக்கம் அதைத் தன் நிறமாக்கியது. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவண்ணக் கொடி 1848-இல் தாமஸ் ஃபிரான்சிஸ் மார் ஏற்றியது. அச்சுக்குத் துல்லியமான எண் வேண்டுமென்றால் கொடியின் பச்சை பேன்டோன் 347, ஆரஞ்சு பேன்டோன் 151.

அப்புறம், மரபான வண்ணத் தட்டு வேண்டும் என்பவர்கள் கெல்ஸ் சுவடியைத்தான் பார்க்க வேண்டும்.

கெல்ஸ் சுவடியில் ஷாம்ராக் இருக்கிறதா? அதிலிருந்து என்ன கற்கலாம்?

அதன் அலங்காரத்துக்கு ஷாம்ராக் அடிப்படை இல்லை. சுருள், பின்னல், விலங்கு, பறவை, படிக்கட்டுக் கோலம் ஆகியவைதான் அதன் மொழி. கி.பி. 800 வாக்கில் கன்றுத் தோலில் எழுதி வரைந்த நற்செய்திச் சுவடி அது. இப்போது 340 ஏடுகள் மிஞ்சியிருக்கின்றன, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. கல்லூரியின் இணையத் தொகுப்பில் ஏடு ஏடாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

முதலில் 34-ஆம் ஏட்டைத் திறந்து பாருங்கள். கிறிஸ்துவின் பெயருக்கான கிரேக்க எழுத்துகள் பக்கம் முழுவதையும் நிறைத்திருக்கும். பார்த்தவுடன் பெரிய வளைவு மட்டும்தான் தெரியும். பெரிதாக்கினால் வளைவுக்குள் வட்டங்கள், வட்டங்களுக்குள் சுருள்கள், சுருள்களுக்குள் இன்னும் சின்னச் சுருள்கள். கீழே ஒரு மூலையில் இரண்டு பூனைகள், பக்கத்தில் எலிகள், வாயில் மீனோடு ஒரு நீர்நாய். இவ்வளவு புனிதமான பக்கத்தில் எலிக்கும் பூனைக்கும் இடம் கொடுத்த மனதை எண்ணிப் பாருங்கள். தூரத்தில் ஒரு வடிவம், கையில் எடுத்தால் ஒரு வடிவம், உற்றுப் பார்த்தால் இன்னொரு வடிவம். போஸ்டர் வரைபவருக்கும் புத்தக அட்டை வரைபவருக்கும் இந்த அடுக்குமுறை நேராகவே உதவும்.

வண்ணங்கள் சுலபமாகப் பட்டியல் போடக்கூடியவை. ஆர்சனிக் கலந்த அரிதார மஞ்சள், ஈயச் செம்மை, செம்பிலிருந்து எடுத்த பச்சை, அவுரி வகை நீலம், கற்பாசியிலிருந்து எடுத்த ஊதா. நீலம் ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லிலிருந்து வந்தது என்று ரொம்ப நாள் சொல்லி வந்தார்கள், நிறமாலைச் சோதனையில் அது இல்லை என்று தெரிந்துவிட்டது. திரையில் வேலை செய்பவர்கள் இந்த ஐந்து நிறத்தோடு, வெள்ளைக்குப் பதிலாகத் தோலின் பழுப்பு மஞ்சளைப் பின்னணியாக வைத்தாலே போதும், படத்தில் அயர்லாந்து வந்துவிடும். பச்சை அதில் ஐந்தில் ஒன்றுதான்.

பின்னல் முடிச்சுகளை எப்படி வரைவது? பார்த்து வரைந்தால் சிக்கிக்கொள்கிறதே.

முடிந்த பின்னலைப் பார்த்து வரைந்தால் சிக்கத்தான் செய்யும். அது கட்டப்பட்ட வழியில் போக வேண்டும். சிக்குக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு.

செவ்வகமாகப் புள்ளி வையுங்கள், வரிசைக்கு நாலு, மூன்று வரிசை. ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு கோடு சாய்வாகப் போகட்டும், ஓரத்தில் முட்டினால் திரும்பட்டும். எங்கே தொடங்கினாலும் ஒரே இழையில் எல்லாப் புள்ளியையும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனி இழை வரும். நாலுக்கு ஆறு வைத்தால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, இழையின் எண்ணிக்கை அதுதான். ஒரே முடிவில்லாத கோடு வேண்டும் என்றால் 3, 4 அல்லது 5, 7 போலப் பொது வகுத்தி இல்லாத எண்களாக எடுக்க வேண்டும்.

ஐரிஷ் பின்னல் இதற்கு மேல் இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, வெட்டு. இழைகள் குறுக்கிடும் ஓர் இடத்தில் சுவர் வைத்தது போல இரண்டையும் திருப்பிவிடுவார்கள். அப்போது சாதாரணப் பாய்ப் பின்னல் உடைந்து முடிச்சுகளாகப் பிரியும். கெல்டிக் (அயர்லாந்து, ஸ்காட்லாந்து முதலிய இடங்களின் பழைய மரபு) பின்னல்கள் எல்லாமே எளிய பின்னலில் இப்படி வெட்டு வைத்து உண்டானவை என்று ஜே. ரோமிலி ஆலன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்துக் காட்டினார். வெட்டு வைத்தால் இழை எண்ணிக்கை மாறும், ஆகவே ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் விரலால் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, மேல் கீழ். இழை ஒரு சந்திப்பில் மேலே போனால் அடுத்ததில் கீழே போக வேண்டும். மூடிய கோடு எதுவானாலும் இந்த ஒழுங்கு கடைசி வரை முரண்படாமல் வரும். எங்காவது இரண்டு தடவை தொடர்ந்து மேலே வந்தால், ஒரு சந்திப்பைத் தவற விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மென்பொருளில் செய்பவர்கள் மெல்லிய ஒற்றைக் கோட்டில் முழுப் பாதையையும் முடித்த பிறகே பட்டையாக்கட்டும். பட்டையாக்கி, சந்திப்புகளில் வெட்டி, கீழே போகும் பக்கம் ஒரு சிறு இடைவெளி விட்டால் போதும். நிழல் வேண்டாம். பழைய கைகளும் தட்டையாகவே வரைந்தன. அதே மரபைச் சேர்ந்த லிண்டிஸ்ஃபார்ன் சுவடியின் தோலில் காம்பஸ் முனை குத்திய தடங்கள் இன்றும் இருக்கின்றன. கண் திட்டத்தை மட்டும் நம்பி வரைந்தவர்கள் இல்லை அவர்கள்.

முச்சுருளுக்கும் முடிச்சுகளுக்கும் ஒவ்வொரு அர்த்தம் சொல்கிறார்களே?

நகைக் கடை அட்டையில் இருக்கும் அர்த்தங்கள் பெரும்பாலும் நம் காலத்தில் எழுதப்பட்டவை. நியூகிரேஞ்ச் கல்லறையில் செதுக்கிய முச்சுருள் கி.மு. 3200 வாக்கிலானது. கெல்டிக் பாணி அயர்லாந்துக்கு வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. செதுக்கியவர்கள் எழுதி வைத்துப் போகவில்லை. உங்கள் படைப்பில் நீங்கள் ஒரு பொருள் கொடுக்கலாம், 'பண்டைய ஐரிஷ் நம்பிக்கை' என்று லேபிள் ஒட்டாமல் இருந்தால் சரி.

பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. 1850-இல் மீத் கவுன்டியின் (மாவட்டத்தின்) பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைத்த எட்டாம் நூற்றாண்டு ஊசிப் பதக்கத்துக்கு 'டாரா பதக்கம்' என்று பெயர். அரசர்களின் குன்றான டாராவுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அதை வாங்கிய டப்ளின் நகைக்கடைக்காரர் வாட்டர்ஹவுஸ், நகல்களை விற்பதற்காக அந்தப் பெயரைச் சூட்டினார்.

லெப்ரகானை வரையலாமா?

லெப்ரகான் ஐரிஷ் கதைகளில் வரும் குட்டி மனிதன். வரையலாம், பழைய லெப்ரகானை வரையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு வர்ணனைகள் பலவற்றில் அவன் கோட்டு சிவப்பு. தனியே திரியும் தேவதை இனத்துக்குச் சிவப்பு, கூட்டமாக வாழ்பவர்களுக்குப் பச்சை என்று யேட்ஸ் வகுத்து எழுதியிருக்கிறார். தொழில் செருப்புத் தைப்பது. கையில் சுத்தியல், மடியில் ஒற்றைச் செருப்பு, வேலியோரம் டொக் டொக் என்று சத்தம். அவனைப் பிடித்தவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் புதையல் இருக்கும் இடத்தைச் சொல்லியாக வேண்டும், ஒரு கணம் பார்வை விலகினால் மறைந்துவிடுவான். வயதான கைவினைஞன், தனிமை, சாமர்த்தியம். வரைவதற்கு எவ்வளவு இருக்கிறது!

பச்சைத் தொப்பி, குடி, கோணல் முகம் என்று வரும் உருவத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனின் பஞ்ச் பத்திரிகை முதலியவை ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடும் குடிகாரர்களாகவும் வரைந்து தள்ளின. பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்த ஒரு மக்களை அப்படி வரைந்தார்கள். அந்தச் சாயல் இன்றைய பல கேலிப்படங்களில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. தெரிந்த பிறகு அதை வரையக் கை வரக் கூடாது என்பது என் கருத்து.

வேறு எந்தக் கதைகள் ஓவியத்துக்கு நன்றாக வரும்?

லிர் மன்னனின் பிள்ளைகள் முதலில். மாற்றாந்தாய் ஈஃபா நான்கு பிள்ளைகளையும் அன்னங்களாக்கிவிடுகிறாள். டெரவாரா ஏரியில் 300 ஆண்டு, வடக்கே குளிர்ந்த மொய்ல் கடலில் 300 ஆண்டு, மேற்கே இனிஷ்குளோரா தீவில் 300 ஆண்டு. உருவம் போனாலும் பேச்சும் பாட்டும் அவர்களிடம் இருந்தன. மூத்தவள் ஃபினூலா தம்பிகளைச் சிறகுக்குள் வைத்துக் காக்கிறாள். டப்ளினின் நினைவுப் பூங்காவில் 1971-இல் வைத்த ஓஷீன் கெல்லியின் வெண்கலச் சிற்பம் இந்தக் கதைதான். கீழே மனித உடல்கள் சரிய, மேலே அன்னங்கள் எழுகின்றன. உருமாறும் நடுக்கணத்தைப் பிடிக்க விரும்பும் யாரும் அதன் புகைப்படங்களை எல்லாப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

ஞான சால்மன் கதை குழந்தைகள் புத்தகத்துக்குப் பிரமாதம். ஒன்பது ஹேசல் மரங்களின் கொட்டை தண்ணீரில் விழ, அதைத் தின்ற மீனுக்கு உலகத்து அறிவெல்லாம் வந்துவிடுகிறது. கவிஞர் ஒருவர் ஏழு ஆண்டு காத்திருந்து அதை பாய்ன் ஆற்றில் பிடிக்கிறார். சமைக்கக் கொடுத்த சிறுவன் ஃபின் சுட்ட கட்டைவிரலை வாயில் வைக்க, ஞானம் அவனுக்குப் போகிறது. பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் கின்ட்னஸ் 1999-இல் செய்த பத்து மீட்டர் நீள மீன் சிற்பத்தின் செதில்கள் எல்லாம் அச்சிட்ட பீங்கான் ஓடுகள், ஒவ்வொன்றிலும் நகரத்தின் வரலாற்றுத் துணுக்கு. பக்கத்தில் போய் மீனையே படிக்கலாம்.

பேன்ஷீ பேய் இல்லை. சில பழைய குடும்பங்களில் சாவு நெருங்கும்போது முன்கூட்டியே அழும் பெண். நீண்ட கூந்தல், கையில் சீப்பு. பயமுறுத்தும் முகத்தைவிடத் துக்கம் நிறைந்த முகமே கதைக்கு நியாயம் செய்யும்.

பூக்கா, இருட்டில் கறுப்புக் குதிரையாகவும் வேறு உருவமாகவும் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும். 2021-இல் கிளேர் கவுன்டியின் என்னிஸ்டைமன் ஊருக்கென்று ஏடன் ஹார்ட் குதிரைத் தலையோடு வடித்த பூக்கா சிலைக்கு உள்ளூரில் பலத்த எதிர்ப்பு எழுந்து, சிலை கடைசியில் கேரன் என்ற வேறு ஊருக்குப் போனது. நாட்டார் கதை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அதே கிளேரில், தேவதைகள் கூடும் இடம் என்று கதைசொல்லி எடி லெனிஹன் வாதாடிய ஒரு முள்மரத்தைக் காப்பாற்றுவதற்காக 1999-இல் நெடுஞ்சாலைத் திட்டத்தையே மாற்றினார்கள். வயல் நடுவே தனியே நிற்கும் அந்த வகை முள்மரம், வெள்ளைப் பூவோடு, எந்தச் சின்னத்தையும்விட நன்றாக அயர்லாந்தைச் சொல்லும்.

துணி, நூல், பீங்கான் வேலைக்கு எதை எடுக்கலாம்?

ஷாம்ராக்கை மனதைத் தொடும் விதத்தில் பார்க்க வேண்டுமானால் மோனகன் கவுன்டியின் குளோன்ஸ் லேஸைப் பாருங்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊர் ஊராகச் சாவு. குளோன்ஸ் ஊர்ப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், 1847-இல் பெண்களுக்குக் கொக்கியால் பின்னும் குரோஷா லேஸ் கற்பிக்க ஏற்பாடு செய்தார். ஊசி லேஸைவிட வேகமாக முடியும், அதனால் கூலி சீக்கிரம் கைக்கு வரும். ரோஜா, திராட்சை, ஷாம்ராக் என்று ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியே தடித்த கயிறு நூலின் மேல் பின்னி மேடு கொடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரு துணி மேல் பரப்பி, இடைவெளியைச் சிறு முடிச்சுகள் கொண்ட வலையால் நிரப்புவார்கள். அங்கே மூவிலைக்குப் பச்சை இல்லை. வெள்ளை நூலில் வெள்ளை இலை, மேடும் வலையும் மட்டும். அச்சுத் துணி வடிவமைப்புக்கு இந்த முறை அப்படியே பொருந்தும்: உருவங்களைத் தனியே வரைந்து, பரப்பி, கடைசியில் வலையால் கட்டலாம்.

ஃபெர்மனா கவுன்டியில் 1857-இல் தொடங்கிய பெலீக் பீங்கான் ஆலையின் கூடைப்பின்னல் கோப்பைகளிலும் ஷாம்ராக் உண்டு. பாலாடை நிறப் பரப்பில் அங்கங்கே சில இலைகள்தான், அந்த அடக்கம்தான் அழகு.

ஆரன் தீவு ஸ்வெட்டரில் குடும்பத்துக்கு ஒரு பின்னல் உண்டு, கடலில் இறந்தவரை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்பதை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஜான் மில்லிங்டன் சிங்கின் 1904 நாடகம் ஒன்றில் காலுறையின் விட்டுப்போன கண்ணிகளை வைத்து ஒருவரை அடையாளம் காணும் காட்சியிலிருந்து வளர்ந்த கற்பனை. அந்த ஸ்வெட்டர் பாணியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது.

எந்த ஐரிஷ் கலைஞரிலிருந்து தொடங்கலாம்?

ஹாரி கிளார்க். பிறந்ததே 1889 மார்ச் 17. 1931-இல், 41 வயதில் இறந்துவிட்டார். வண்ணக் கண்ணாடியில் அமிலத்தால் அரித்தும் கண்ணாடி மேல் கண்ணாடி அடுக்கியும் அவர் கொண்டுவந்த நீலத்தையும் சிவப்பையும் வேறு யாரிடமும் நான் பார்த்ததில்லை. கார்க் நகரின் ஹோனன் சிற்றாலயத்தில் 11 ஜன்னல்கள் அவருடையவை. புனித பேட்ரிக்கும் புனித பிரிஜித்தும் அவற்றில் இருக்கிறார்கள். ஐரிஷ் இலக்கியக் காட்சிகளை வைத்து ஜெனீவா தொழிலாளர் அலுவலகத்துக்கு அன்பளிப்பாகத் தர அரசு கேட்ட ஜன்னலை அவர் செய்து முடித்தபோது, அரசு அதை ஏற்க மறுத்தது. இப்போது அது அமெரிக்காவின் மயாமி பீச்சில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்புறம் 1903-இல் கண்ணாடிக் கூடம் தொடங்கிய சாரா பர்சர், பூவேலையும் அச்சும் செய்த யேட்ஸ் சகோதரிகள். அசைவூட்டத்தில் கில்கென்னி நகரின் கார்ட்டூன் சலூன். கெல்ஸ் ஏடுகளின் தட்டையான வெளியை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. யேட்ஸ் வட்டத்தில் இருந்து பழங்கதைகளை நாடகமாக்கிய பெல்ஃபாஸ்ட் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸும் மனைவி மார்கரெட்டும் 1915-இல் அன்னி பெசன்ட் அழைப்பில் சென்னை அடையாறு வந்தார்கள். மார்கரெட் 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். ஜேம்ஸ் இந்திய ஓவியங்களுக்குக் கண்காட்சிகள் நடத்தினார், 1935-இல் திருவனந்தபுரம் ஓவியக்கூடம் உருவாகத் துணை நின்றார்.

ஒரு போஸ்டர் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

கதையில். ஒரே ஒரு கதை, ஒரே ஒரு கைவினை முறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, நடுவில் சால்மன், சுற்றி ஒன்பது ஹேசல் கொட்டை, ஓரத்தில் ஒற்றை இழைப் பின்னல், நிறம் அரிதார மஞ்சளும் ஈயச் செம்மையும் கொஞ்சம் செம்புப் பச்சையும். வாடிக்கையாளர் ஷாம்ராக் கட்டாயம் வேண்டும் என்றால் கரையோரப் புல்லில் நிஜ க்ளோவராக முளைக்க விடலாம். இரண்டு மாதிரி காட்டுங்கள், ஒன்று அவர்கள் கேட்டது, ஒன்று இது.

ஐரிஷ் எழுத்துரு பயன்படுத்தலாமா?

தலைப்புக்கு மட்டும். ஐரிஷ் மொழிச் சொற்களைப் பழைய பாணி எழுத்துருவில் போட்டால் மெய்யெழுத்துகளின் மேல் வரும் புள்ளியை விட்டுவிடாதீர்கள், உச்சரிப்பே மாறிவிடும். எழுத்துருவில் புள்ளி இல்லையென்றால் வேறு எழுத்துரு தேடுங்கள்.

அசல் கதைகள் எங்கே கிடைக்கும்?

1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளில் ஏறக்குறைய 50,000 மாணவர்கள் தாத்தா பாட்டிகளிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதிய கதைகள், வைத்தியம், விளையாட்டு, ஊர் நம்பிக்கை எல்லாம் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கின்றன. டூஹஸ் என்ற இணையதளத்தில் மாணவர்களின் கையெழுத்திலேயே படிக்கலாம். ஊர்ப் பெயர் வைத்தும் தேடலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதிய அரைப் பக்கத்தில் ஒரு முழுப் படக்கதைக்கான விஷயம் இருக்கும்.

காப்புரிமை, சின்ன உரிமைச் சிக்கல் வருமா?

மூவிலை என்ற பொது வடிவத்தை ஓவியத்தில் யாரும் வரையலாம். ஆனால் ஐரிஷ் அரசு ஷாம்ராக்கையும் ஹார்ப்பையும் தன் சின்னங்களாகப் பதிந்து காத்துவருகிறது, ஆகவே அதையே ஒரு பொருளின் வணிகச் சின்னமாகப் பதிய நினைத்தால் வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் லிங்கஸ் விமானத்து ஷாம்ராக், கின்னஸ் ஹார்ப் இரண்டும் நிறுவனச் சொத்து, சாயல்கூட வேண்டாம். கெல்ஸ் சுவடியின் வடிவங்களை உங்கள் கையால் புதிதாக வரையலாம். டிரினிட்டி கல்லூரி எடுத்த புகைப்படத்தை அச்சில் போட அவர்கள் அனுமதி தேவை. ஹாரி கிளார்க்கின் படைப்புகளுக்குக் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கும் கலைஞர்களின் கெல்டிக் ஓவியங்கள் பழையவை போலத் தெரிந்தாலும் அவர்களுடையவை. நாட்டார் தொகுப்பின் பக்கங்களை விற்பனைப் பொருளில் அப்படியே அச்சிடுவதற்கு முன் தொகுப்பை நிர்வகிப்பவர்களிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள்.